ஜிங்க் மாத்திரையும் ஒரு கம்பளிக் குல்லாவும்

“இதோ, மாத்திரை அருள்தாஸின் கைக்கு வந்துவிட்டது. கையிலிருந்து நாக்குக்கு ஒரு குட்டிப் பாஸ். நாக்கு அதை நிதானமாக வாங்கி உள்ளே தள்ள, பின்னாலேயே ஒரு மடக்குத் தண்ணீர் ஓடி வர, தொண்டையைத் தாண்டி... கோல்!”

சாப்பிட்ட தட்டு ஈரம் காயாமல் முன்னால் கிடக்கும். அருள்தாஸ் இரண்டு கைகளையும் தூக்கிக் கூரையைப் பார்ப்பார். மார்கழி பிறந்ததிலிருந்து பொங்கல் முடிகிற வரைக்கும், நாயுடுபுரத்துக்கு மேலே பேரிமரத்துக் காலனியில், அந்த வீட்டின் காலை இப்படித்தான் தொடங்குகிறது. ஜிங்க் மாத்திரையை இவ்வளவு கொண்டாட்டமாக விழுங்குகிற ஆள் கொடைக்கானல் மலையில் வேறு யாரும் இருக்க முடியாது. அவருடைய மனைவி விஜயராணி கையிலிருக்கும் பின்னல் ஊசியை நிறுத்தாமல், தலையையும் தூக்காமல், “கோலு போட்டது போதும், வண்டிய எடுங்க. வெள்ளனே வரச் சொன்னாங்கல்ல?” என்பார்.

அருள்தாஸுக்கு ஐம்பது வயது. ஆள் குள்ளம், அந்தக் குள்ளமான உடம்புக்குள் ஒரு கல்யாண வீட்டு அண்டா நிறையக் குரல். கழுத்தில் எந்நேரமும் பழுப்பு நிற மஃப்ளர். தொழில் என்று கேட்டால் பிக்கப் வண்டி. மேல்மலையிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றி, மலைப்பாதையில் இறங்கி, வத்தலக்குண்டு மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்புவார். ஆனால் அவரிடம் நேராகப் போய் “நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “கமென்ட்ரி” என்பார். அப்புறம்தான் வண்டி ஞாபகத்துக்கு வரும்.

வாய் சும்மா இருக்காது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தன் வண்டிக்கே வர்ணனை சொல்வார். விஜயராணி சோறு வடித்தால் அதற்கும் ஒரு வர்ணனை உண்டு. கோயிலில் பிரசங்கம் நீளும்போது, “ஃபாதர் பந்தை வைத்துக்கொண்டே நிற்கிறார், யாருக்கும் கொடுக்கிற மாதிரி தெரியவில்லை” என்று பக்கத்தில் இருப்பவர் காதில் போட்டு, அந்த மனிதரைச் சிரிக்க வைத்துத் தான் மட்டும் பக்திமானாகக் கைகட்டி நிற்பார். பேசும்போது காலனிப் பேச்சு. மைக் என்று வந்துவிட்டால், அது கையில் இல்லாமல் மனசுக்குள் இருந்தாலும்கூட, சுத்தமான செந்தமிழ். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது என்று காலனியில் சொல்வார்கள்.

இந்தக் காலனிக்காரர்களின் அப்பன் ஆத்தாக்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். டீயை இன்னும் தேத்தண்ணி என்றுதான் சொல்கிறார்கள். கொண்டுவந்த சாமான்கள் எல்லாம் உடைந்து, தொலைந்து போயிற்று; கால்பந்துப் பித்து மட்டும் போகவில்லை. பொங்கலை ஒட்டி மேட்டு கிரவுண்டில் எழுவர் ஆட்டம் நடக்கும். சுற்று வட்டாரத்து மலை ஊர்களெல்லாம் டீம் அனுப்பும். மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கம் கேரட் தோட்டம், மறுபக்கம் சரிவு. பந்து சரிவில் உருண்டால் எடுத்து வருவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிடலாம்.

இதையெல்லாம் விடப் பெரிய எதிராளி பனிமூட்டம். நல்ல வெயிலில் ஆடிக்கொண்டிருப்பார்கள். பள்ளத்திலிருந்து புகை மாதிரி கிளம்பி வந்து மொத்த மைதானத்தையும் மூடிவிடும். கரையில் நிற்பவனுக்குத் தன் முன்னால் இருப்பவனின் முதுகு மட்டும்தான் தெரியும். அதற்காக ஆட்டத்தை நிறுத்துவதில்லை. மூட்டத்துக்கு விசில் கிடையாது என்பது அந்த மைதானத்துச் சட்டம். அந்த நேரத்தில் ஜனங்களுக்குக் கண்ணாக இருப்பது அருள்தாஸின் வாய்தான். வயரில்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு கோட்டை ஒட்டிப் பந்தோடு கூடவே ஓடுவார். பேரிமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியாக, யார் எடுத்தான், யார் விட்டான், யார் விழுந்தான் என்று எல்லாம் வந்துவிடும். ஒன்றும் தெரியாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேரும் கை தட்டுவார்கள். வெளியூரிலிருந்து வந்து முதல்முறை பார்ப்பவர்கள், இந்தச் சனத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

இப்படிப்பட்ட குரலுக்கு ஒரு சாபம் இருந்தது. வருஷம் தவறாமல், ஆட்டம் தொடங்கியபோது மணியாக ஒலிக்கும் குரல், இறுதி ஆட்டம் நெருங்க நெருங்கச் சளியில் சிக்கிவிடும். முதலில் மூக்கு அடைக்கும். அப்புறம் தொண்டை கட்டும். இறுதி ஆட்டத்தன்று தகரத்தில் ஆணியால் கீறுகிற சத்தம்தான் மிச்சமிருக்கும். எத்தனையோ வைத்தியம் பார்த்தாகிவிட்டது. மிளகுக் கசாயம் குடித்தார், ஆவி பிடித்தார். பூண்டைச் சுட்டு, பச்சையாகக் கடித்து, பாலில் வேகவைத்து, எல்லா விதத்திலும் தின்றார். வண்டி நிறையப் பூண்டு ஏற்றுகிறவனுக்கே சளி தீரவில்லை என்றால் இனி எவன் பூண்டு வாங்குவான் என்று வத்தலக்குண்டு வியாபாரிகள் கேலி செய்ததுதான் மிச்சம்.

போன பொங்கலில் அந்தச் சளி மானத்தை வாங்கிவிட்டது. பேரிமரத்துக் காலனிக்கும் வெள்ளைப்பாறைக்கும் இறுதி ஆட்டம். சமநிலையில் முடிந்து டை-பிரேக்கர் வந்தது. அதே நேரத்தில் மூட்டமும் வந்தது. அருள்தாஸ் மைக்கை வாயருகே கொண்டுபோனார். வாய் அசைந்தது, குழாயில் காற்று மட்டும்தான் வந்தது. வெள்ளைக்குள் எவனெவனோ உதைக்கிற சத்தம், எவனெவனோ கத்துகிற சத்தம். யார் ஜெயித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தாங்கள்தான் என்று காலனிக்காரர்கள் வெடி போட்டார்கள். தாங்கள்தான் என்று வெள்ளைப்பாறைக்காரர்களும் வெடி போட்டார்கள். நடுவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. கோப்பையை இரண்டு பக்கமும் இழுத்ததில் அதன் ஒரு காது கழன்றே போய்விட்டது. ஒரு வருஷம் முழுக்க இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று கல்யாணப் பத்திரிகைகூட வைத்துக்கொள்ளவில்லை.

கிளப் செயலாளர் சுரேந்திரன் நல்ல மனுஷன். அருள்தாஸைத் தனியாகக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். “அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. அடுத்த தடவ வத்தலக்குண்டுல இருந்து ஜெயமுருகனையும் கூப்பிடுறோம். ஆளுக்குப் பாதி ஆட்டம் பேசுங்க. பைனலுக்கு எவன் தொண்டை நிக்குதோ அவன் கையில மைக்கு. அதுக்கப்புறம் எப்பவும் அவந்தாங்க.”

ஜெயமுருகன் கீழ்நாட்டில் பேர்போன அறிவிப்பாளர். கோயில் திருவிழா, கபடி, கடைத் திறப்பு விழா எல்லாவற்றுக்கும் அவர்தான். அருள்தாஸ் வீட்டுக்கு வந்து மஃப்ளரைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். விஜயராணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அது ஆறி ஆடை கட்டிய பிறகு, “மைக்கு போயிருச்சுன்னா நான் யாரு ராணி? வெறும் லோடு வண்டிக்காரன்” என்றார். அன்று அந்த வீட்டில் எந்த வர்ணனையும் நடக்கவில்லை. அந்த அமைதியைப் பார்த்துத்தான் விஜயராணிக்குப் பயம் வந்தது.

அப்போதுதான் அருள்தாஸுக்கு ஜிங்க் மாத்திரை நினைவுக்கு வந்தது. கொரோனா காலத்தில் முகாம் போட்டவர்கள் அட்டை அட்டையாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைத் தின்ற அந்த இரண்டு வருஷமும் அவருக்குச் சளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்ப்புச் சக்தி என்ற சொல்லைக் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். பிறகு எப்படியோ மறந்துபோயிற்று. இப்போது அந்த மாத்திரையின் மேல் வந்த நம்பிக்கை இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கடவுளிடம் காட்டியிருந்தால் மனிதர் எப்போதோ புனிதராகியிருப்பார்.

ஒன்று நல்லது செய்யும் என்றால் மூன்று எவ்வளவு நல்லது செய்யும் என்பது அருள்தாஸ் போட்ட கணக்கு. விடிந்தும் விடியாமல், வெறும் வயிற்றில், மூன்று மாத்திரையைக் கறுப்புத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு, பூண்டு மூட்டைகளோடு மலை இறங்கினார். முதல் சில வளைவுகள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வாயில் இரும்புக் கம்பியை நக்கின ருசி. வயிறு புரண்டது. பிறந்ததிலிருந்து அந்தப் பாதையில் ஏறி இறங்குகிறவர்; அத்தனை வளைவும் அவருக்குத் தன் வீட்டுப் படிக்கட்டு மாதிரி. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடினார்.

அங்கே ஏற்கெனவே ஒரு சுற்றுலா வேன் நின்றுகொண்டிருந்தது. கீழிருந்து வந்த குடும்பம் மொத்தமும் வரிசையாகக் குனிந்து நின்றது. இவரும் போய் வரிசையில் நின்றார். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது, வேன்காரர்களில் ஒரு பெரியவர் பரிவோடு ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, “பழக்கமில்லாத பாதை, அப்படித்தான் பண்ணும். தம்பிக்கு எந்த ஊரு?” என்று கேட்டார். மலைக்காரன் மலைப்பாதையில் வாந்தி எடுத்தான் என்று எந்த வாயால் சொல்வது? அருள்தாஸ் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வத்தலக்குண்டுங்க.”

தன் ஜென்மத்தில் சொன்ன பொய்களிலேயே தன்னை அதிகமாக வதைத்தது அதுதான் என்று அவர் இன்றைக்கும் சொல்கிறார். எலுமிச்சம்பழத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விஜயராணி கையோடு சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனார். நர்ஸ் தாரணி முழுக் கதையையும் கேட்டார். எலுமிச்சம்பழம் வந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஜிங்க் என்பது உடம்புக்குக் கொஞ்சமாகத் தேவைப்படுகிற சத்து; அளவாகப் போனால் எதிர்ப்புச் சக்திக்குத் துணையாக நிற்கும்; அளவுக்கு மீறி நெடுநாள் போனால் வேறு சத்துகளைக் கெடுத்து, இருக்கிற எதிர்ப்புச் சக்தியையும் குறைத்துவிடும். வெறும் வயிற்றில் போட்டால் எவருக்கும் குமட்டும். வேண்டுமென்றால் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, குளிர்காலத்தில் கொஞ்ச நாளைக்கு மட்டும்.

“மாத்திரை வேலி மாதிரிண்ணே,” என்றார் தாரணி. “வேலியப் போட்டுட்டுப் படலைத் தொறந்து விட்டா மாடு வரத்தான் செய்யும். வருசா வருசம் கரெக்டா அதே நேரத்துல வருதுன்னா, அது எந்த வழியா வருதுன்னு பாருங்க.”

அருள்தாஸ் வேலியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். படல் விஷயம் விஜயராணியின் மனசில் தங்கிவிட்டது.

விஜயராணி கம்பளிக் குல்லா பின்னி ஏரிக்கரைக் கடைகளுக்குப் போடுகிறவர். விரல்கள் ஊசியோடு ஓடிக்கொண்டிருக்கும்போது யோசனையும் அதே வேகத்தில் ஓடும். அதிகம் பேசமாட்டார், வீட்டில் பேசுவதற்குத்தான் ஒருவர் இருக்கிறாரே. மார்கழித் துப்புரவின்போது கட்டிலுக்கடியிலிருந்து மைக் பெட்டியை இழுத்தார். கிளப் மைக் அருள்தாஸின் பொறுப்பில்தான் இருக்கிறது. காலனியில் காதுகுத்து, கல்யாணம், ஜெபக்கூட்டம், இரங்கல் எதுவாக இருந்தாலும் இங்கிருந்துதான் வாங்கிப் போவார்கள். பெட்டியைத் திறந்ததும் விஜயராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மைக்கின் தலையில் ஒரு கறுப்புப் பஞ்சு மூடி இருந்தது. வாங்கின நாளிலிருந்து அதன் மேல் தண்ணீர் பட்டதில்லை. ஈரம் பட்டால் மைக் செத்துப்போகும் என்று விற்றவன் சொன்னதைக் கேட்டு, மூடியைக் கழற்றித் துவைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மைக்கைக் கையில் வாங்குகிற எவனும் முதலில் அதில் “ஃபூ, ஃபூ” என்று ஊதித்தான் பார்ப்பான். தொடக்க விழாவன்று மேடையில் இருக்கும் அத்தனை பெரியவர்களும், மார்கழிச் சளியோடு, வரிசையாக அதில் ஊதி, அதில் தும்மி, அதில் வாழ்த்திவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு அருள்தாஸ் வாங்குவார். அவருக்கு உதட்டை மூடியில் ஒட்டி வைத்துப் பேசினால்தான் குரலில் கனம் வரும். ஆட்டம் முடிகிற வரைக்கும் நாள்கணக்கில் அந்தப் பஞ்சோடுதான் குடித்தனம்.

அன்று அருள்தாஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்ததும், விஜயராணி அந்த மூடியை ஒரு குச்சியில் தூக்கி அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். “இதை நாய்கூட மோந்து பாக்காதுங்க.”

அது வாயில் வைக்கிற சாமான், அப்படித்தான் இருக்கும் என்று அருள்தாஸ் சமாளித்தார். மாத்திரை இருக்கும்போது எந்தச் சளியும் அண்டாது, கொரோனா காலத்தில் பார்க்கவில்லையா என்றும் கேட்டார்.

“அதத்தான் நானும் யோசிச்சேன்,” என்றார் விஜயராணி. “சளி வரல, சளி வரலன்னு மாத்திரைக்குக் கோயில் கட்டுறீங்க. அந்த ரெண்டு வருசமும் கல்யாணம் இல்ல, காதுகுத்து இல்ல, பந்து இல்ல. இந்த மைக்கு பொட்டிக்குள்ளதானங்க கெடந்துச்சு?”

அருள்தாஸ் வாயைத் திறந்தார். வாயைத் திறந்து வார்த்தை வராமல் போனது அவர் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை சளியால். ஆனாலும் ரோசக்காரர் அல்லவா, மாத்திரையையும் விட்டுக்கொடுக்கவில்லை. மாடு வந்த வழி தெரிந்துவிட்டது என்பதற்காக வேலியைப் பிடுங்கிப் போடுவார்களா என்று கேட்டார். அதில் நியாயம் இருந்ததால் விஜயராணி ஒப்புக்கொண்டார். மாத்திரை, சாப்பிட்டபின் ஒன்று. மைக்குக்கு ஒரு ஏற்பாடு.

அந்தப் பஞ்சு மூடியை அடுப்பில் போட்டுவிடலாம் என்று விஜயராணி சொன்னதற்கு சுரேந்திரன் சம்மதிக்கவில்லை. கிளப் சொத்து, அதுவும் பெரிய மனிதர்கள் பேசின மூடி என்றார். சரி, பெரிய மனிதர்களுக்கு அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, விஜயராணி ஊசியை எடுத்தார். குழந்தைக் குல்லாவிலும் பாதி அளவில், உச்சியில் ஒரு குஞ்சலத்தோடு, சிவப்புக் கம்பளியில் மைக்குக்குக் குல்லா பின்னினார். மாற்றிக்கொள்ள நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. அருள்தாஸின் முறை வரும்போது மட்டும் குல்லா ஏற வேண்டும். முறை முடிந்ததும் குல்லா இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீருக்குப் போக வேண்டும். தன் குல்லாவில் வேறொருவர் வாய் பட்டால் அதோடு அந்தக் குல்லாவைத் தலைமுழுக வேண்டும். இதுதான் விஜயராணி போட்ட சட்டம்.

இந்தப் பொங்கலுக்கு அந்தக் குல்லா மைதானத்துக்கு வந்த அன்று பட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல. மைக்குக்கும் குளிருதாம் என்றார்கள். சாயங்காலம் ஸ்வெட்டரும் வருமா என்றார்கள். ஜெயமுருகன் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, ஒரு குரங்குக் குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். குரல் அருமையான குரல், அதில் சந்தேகமே இல்லை. கெட்ட மனிதரும் இல்லை. அதனால்தான் அருள்தாஸ் மஞ்சள் குல்லாவை அவரிடம் நீட்டி, இதை மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஜெயமுருகன் சிரித்துக்கொண்டே, “குல்லாப் போட்ட மைக்கைப் பிடிச்சா கீழ எனக்கு எவன் சார் நிகழ்ச்சி குடுப்பான்?” என்று தள்ளிவிட்டு, பஞ்சு மூடியை மாட்டி, “ஃபூ, ஃபூ” என்று ஊதி, ஆரம்பித்தார்.

போகி போயிற்று. பொங்கல் போயிற்று. அருள்தாஸ் தினமும் காலையில் சாப்பிட்டு, மாத்திரைக்கு ஒரு கோல் போட்டு, தன் பாதி ஆட்டத்தைப் பேசி, குல்லாவைக் கழற்றி, கையைக் கழுவினார். ஒவ்வொரு காலையும் படுக்கையில் உட்கார்ந்தபடியே மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். காற்று தடையில்லாமல் போகும். விஜயராணி அடுப்படியிலிருந்து காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருப்பார். பிறகு உள்ளேயிருந்து வர்ணனை கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் உலையை ஏற்றுவார்.

காணும் பொங்கலன்று இறுதி ஆட்டம். இந்த முறையும் வெள்ளைப்பாறைதான் எதிர்ப்பக்கம். பழைய காது கழன்ற கோப்பையை ஒட்டவைத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். மத்தியானம் ஜெயமுருகன் மைதானத்துக்கு வந்தபோது மூக்கு செக்கச் சிவந்திருந்தது. “அண்ணே, வணக்கம்” என்று சொன்னது “அண்டே, வடக்கம்” என்று கேட்டது. சுரேந்திரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஜெயமுருகனே கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி இன்னொரு கையால் அருள்தாஸைக் காட்டினார். அருள்தாஸ் அந்த நேரத்திலும் அவரைத் தனியே கூட்டிப்போய், “சாப்பிட்டீங்களா? சாப்பிட்டுட்டு இதுல ஒண்ணு போடுங்க, ஒண்ணு மட்டும்” என்று அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை வெட்டிக் கொடுத்தார். வாந்தி எடுத்த கதையையும் சொன்னார். அதில் வத்தலக்குண்டு வருகிற இடத்தை மட்டும் அந்த ஊர்க்காரரிடம் சொல்லாமல் விட்டார்.

முதல் பாதியில் காலனி ஒரு கோல் போட்டது. அருள்தாஸ் வானத்துக்கும் பூமிக்குமாகப் பேசினார். இரண்டாம் பாதியில், எல்லோரும் எதிர்பார்த்த மாதிரியே, பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது. கேரட் தோட்டம் மறைந்தது, கோல் கம்பம் மறைந்தது, கடைசியில் ஆட்டக்காரர்களும் மறைந்தார்கள். கரையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குழாயைப் பார்த்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களின் முகத்திலும் பழைய சண்டையின் நினைவு வந்து உட்கார்ந்துகொண்டது.

குரல் வந்தது. கீறல் இல்லை, அடைப்பு இல்லை. “அன்பார்ந்த பெருமக்களே, பயப்படாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.” அடுத்த சில நிமிடங்களில் வெள்ளைப்பாறைக்காரன் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான். அருள்தாஸும் கோட்டோரமாகக் கூடவே ஓடினார். காலனியின் தடுப்பாட்டக்காரன் சறுக்கினான். பந்து வலைக்குள் போனதை அவரையும் நடுவரையும் தவிரக் கரையில் ஒருவரும் பார்க்கவில்லை. சொந்த ஊர், சொந்த ஜனம், அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கோல் மூட்டத்திலேயே கரைந்து போயிருக்கும். “கோல்! வெள்ளைப்பாறை! என்ன அழகான கோல்!” என்று தன் ஊர்க் கோலுக்குக் கத்திய அதே கனத்தில் கத்தினார். காலனிப் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. வெள்ளைப்பாறைப் பக்கம் ஒரு கணம் நம்ப முடியாமல் நின்றது, அப்புறம்தான் கைதட்டியது.

டை-பிரேக்கர் வந்தது. போன வருஷம் குரல் செத்த அதே இடம். விஜயராணி பெண்கள் கூட்டத்தில் நின்றுகொண்டு, கையில் பின்னுவதற்கு ஒன்றுமில்லாமல், முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். அருள்தாஸ் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு உதையையும் சொன்னார். உதைக்கிறவன் எத்தனை தப்படி பின்னால் போனான், கீப்பர் எந்தக் காலில் கனத்தைப் போட்டிருக்கிறான், பந்து எந்த மூலைக்குப் போனது என்று வெள்ளையின் மேல் படம் வரைந்து காட்டினார். போனது, பிடித்தார், போனது. கடைசி உதை வெள்ளைப்பாறையுடையது. ஒரு மூச்சு நேரம் குழாய் மௌனமாக இருந்தது. விஜயராணி கண்ணை மூடிக்கொண்டார்.

“வெளியே! பந்து கம்பத்துக்கு வெளியே! கோப்பை பேரிமரத்துக் காலனிக்கு!”

காலனிப் பக்கம் வெடி வெடித்தது. வெள்ளைப்பாறைப் பக்கம் வெடிக்கவில்லை. தங்களுடைய கோலைத் தங்களுக்குக் கொடுத்த வாய்தான் இதையும் சொல்கிறது. அதனால் அங்கே ஒருவரும் நடுவரிடம் ஓடவில்லை, கோப்பையின் மீது கை வைக்கவில்லை. அவர்களுடைய கேப்டன் தலையை ஆட்டிக்கொண்டே வந்து அருள்தாஸின் முதுகில் ஒன்று வைத்தான். சுரேந்திரன் ஓடி வந்து கட்டிப்பிடித்து, “இனிமே உங்க மைக்குதாண்ணே, எப்பவும்” என்றார். அருள்தாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினதை மறைக்கவும் இல்லை. “வர்ணனையாளரின் கண்களில் நீர், ரசிகர்களே” என்று அதையும் மைக்கிலேயே சொன்னார்.

மூட்டம் விலகி இளவெயில் வந்தபோது பரிசளிப்பு தொடங்கியது. சிறப்பு விருந்தினர் கவுன்சிலர். கழுத்தைச் சுற்றிச் சால்வை, கையில் ஈரக் கைக்குட்டை. மேடை ஏறும்போதே இரண்டு தடவை தும்மினார். ஊரைப் பாராட்டி நாலு வார்த்தை பேச அவருக்கு ஆசை; கையை நீட்டினார்.

அருள்தாஸ் “ஒரு நிமிசங்க” என்றார். மைக்கின் உச்சியைப் பிடித்து, சிவப்புக் குல்லாவைக் குஞ்சலத்தோடு மெல்லக் கழற்றினார். அதை நாலாக மடித்தார். சட்டைப் பையில் மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, பித்தானைப் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினார். அதன் பிறகுதான், இரண்டு கைகளாலும், குனிந்து, மைக்கைக் கவுன்சிலரிடம் கொடுத்தார்.